உறைநிலத்து வயலில் அரிப்போடையை நிறுத்துதல்: கல், வில்லோ, வைக்கோல்

குளிர்நாட்டு வயலில் அரிப்போடை, அதாவது ஓடும் நீர் மண்ணை அரித்து வெட்டிய பள்ளம், பெரிதாவது பெரும்பாலும் பனி உருகும் இரண்டு மூன்று வாரங்களில்தான். அந்த நாட்களில் மேல்மண் ஒரு சாண் ஆழத்துக்கு இளகிக் கூழாகிவிடும். அதற்குக் கீழே மண் இன்னும் பாறை போல உறைந்து கிடக்கும். உருகிய தண்ணீருக்குக் கீழே இறங்க வழியில்லை, மேலே இருக்கும் மண்ணுக்கோ பிடிமானம் இல்லை. அந்த நேரத்தில் ஒரு மிதமான மழை சேர்ந்துகொண்டால் கோடையில் ஒன்றும் செய்யாத அதே மழை ஓடைத் தலையை, அதாவது ஓடை தொடங்கும் மேல்முனையை, மீட்டர் கணக்கில் பின்னுக்குத் தின்றுவிடும். எனவே கல்லின் பருமன், கலங்கலின் (கல் தடுப்பில் நீர் வழிந்தோட விடும் தாழ்வான நடுப்பகுதியின்) அகலம், வில்லோ நடும் நாள் எல்லாவற்றையும் அந்த வாரங்களை மனதில் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

கீழே வரும் அளவுகள் எல்லாம் ஒரே ஓடைக்கான கணக்கு. ஓடையின் நீளம் 70 மீட்டர், தலைப்பகுதியில் ஆழம் 1.6 மீட்டர், அடி அகலம் 1.2 மீட்டர். அடிச்சரிவு 100 மீட்டருக்கு 6 மீட்டர். மேலிருந்து நீர் வந்து சேரும் பரப்பு 4 ஹெக்டேர். மண் நுண்வண்டல் மிகுந்தது. உறைபனிக்கு மிக மோசமாக நடந்துகொள்ளும் ரகம் இதுதான். எண்களை மாற்றிக்கொண்டால் வேறு ஓடைக்கும் இதே வழியில் கணக்குப் போடலாம்.

உருகும்போதே போய்ப் பார்ப்பது

கோடையில் ஓடையைப் பார்த்துத் திட்டம் போட்டால் பாதிதான் தெரியும். உருகல் தொடங்கிய பிறகு ஒரு காலை, ஒரு மாலை இரண்டு வேளையும் பார்க்க வேண்டும்.

வெயில் ஏறுவதற்கு முன் ஓடைச் சுவரின் அருகே குனிந்து பார்த்தால், மண்ணின் மேற்பொருக்கு சுவரைவிட்டு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி நிற்பது தெரியும். பொருக்குக்கும் சுவருக்கும் நடுவே தலைமுடி போல மெல்லிய பனி ஊசிகள் நெருக்கமாக நிற்கும். இரவில் மண்ணுக்குள்ளிருந்து ஏறிய ஈரம் உறைந்து, வளர்ந்து, பொருக்கைத் தள்ளி நிற்கிறது. பத்து மணி வெயிலில் ஊசிகள் உருகும். பொருக்கு சலசலவென்று உதிர்ந்து சுவரடியில் குவியும். மறுநாள் இரவு மீண்டும் ஊசி. இப்படிக் குளிர்காலத்தின் இரு முனைகளிலும் நாள்தோறும் சேரும் உதிரி மண்ணைத்தான் உருகல் நீர் வாரிக்கொண்டு போகிறது. வெயில் படும் சுவரில் இந்தச் சுழற்சி அதிகம் நடக்கும். வட கோளத்தில் அது தெற்கு பார்த்த சுவர். சரிவு தணிப்பதும் புல் பிடிக்க வைப்பதும் அந்தப் பக்கத்தில்தான் முதலில் தொடங்க வேண்டும்.

மாலையில் தண்ணீர் அதிகமாக ஓடும்போது மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் எந்தெந்த இடத்தில் ஓடைக்குள் விழுகிறது என்பது முதலாவது. விளிம்புக்கு இணையாக அரை மீட்டர் உள்ளே தள்ளி வெடிப்பு ஓடியிருக்கிறதா என்பது அடுத்தது. அந்த வெடிப்பில் தண்ணீர் இறங்கினால் சுவர் பலகையாகவே சரியும். மூன்றாவது, சுவரில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்து அதிலிருந்து கலங்கிய நீர் வருகிறதா என்பது. அப்படி வந்தால் மண்ணுக்குள் சுரங்க அரிப்பு ஓடுகிறது. அதைத் தோண்டி, களிமண் வைத்துத் திமிசால் அடைக்காமல் மேலே கல் அடுக்கினால் கல் முழுவதும் உள்ளே இறங்கிவிடும்.

ஓடைத் தலையிலிருந்து மேட்டுப் பக்கமாக 1, 3, 5 மீட்டர் தூரத்தில் மூன்று இரும்பு முளைகளை அடித்துவிட வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு மீட்டராவது மண்ணுக்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் உறைபனியே முளையைத் தூக்கிவிடும். தலை எவ்வளவு நகர்ந்தது என்பதற்கு இதைவிட நம்பகமான கணக்கு கிடையாது.

எவ்வளவு தண்ணீர்

உருகல் நீரை மட்டும் எடுத்துக்கொள்வோம். வெப்பநிலை உறைநிலைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு நாளைக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் நீர் உருகும் என்று வைக்கலாம். இடத்தைப் பொறுத்து இது 2 முதல் 6 வரை மாறும். சராசரி 8 டிகிரி உள்ள நாளில் 32 மில்லிமீட்டர். அது எட்டு மணி நேரத்தில் இறங்கினால் மணிக்கு 4 மில்லிமீட்டர். 4 ஹெக்டேருக்கு நொடிக்கு 44 லிட்டர் வருகிறது. இது பயப்படும் அளவு இல்லை.

மண் உறைந்திருக்கும்போது மணிக்கு 20 மில்லிமீட்டர் மழை பெய்தால்தான் ஆபத்து. விழுவதில் பத்தில் ஒன்பது பங்கு அப்படியே ஓடிவரும்: நொடிக்கு 200 லிட்டர், அதாவது 0.2 கன மீட்டர். கலங்கலை இந்த அளவுக்கே அமைக்க வேண்டும். கலங்கலின் அகலம் 1.5 மீட்டர் என்றால் அதன்மேல் ஓடும் நீரின் உயரம் சுமார் 18 சென்டிமீட்டர் வரும். நாம் வைக்கும் ஆழம் 30 சென்டிமீட்டர். மிச்சமுள்ள 12 சென்டிமீட்டர் வீண் இல்லை, அது பனிக்கட்டி உட்காரும் இடம். ஏன் என்பது பின்னால் வருகிறது.

தலைக்கு மேலே

ஓடையின் ஒரு பக்க மேட்டிலிருந்து வரும் நீரைத் திருப்பு வாய்க்கால் வைத்து வேறு பக்கம் விடலாம். 100 மீட்டருக்கு அரை மீட்டர் சரிவு போதும். வெப்ப நாட்டில் வெட்டுவது போலக் குறுகலாக ஆழமாக வெட்டினால் இங்கே அது பயன்படாது. காற்று அடித்துவந்த பனி அதை நிரப்பி இறுக்கிவிடும், உருகல் நீர் வாய்க்காலைத் தாண்டிக் கரை மேல் ஏறி ஓடும். மூன்று மீட்டருக்குக் குறையாத அகலத்தில், பக்கச்சரிவு ஒன்றுக்கு நாலாக (ஒரு மீட்டர் உயரத்துக்கு நாலு மீட்டர் கிடை), தட்டையாக வைக்க வேண்டும். மண் அமர்ந்தபின் கரை உயரம் 45 சென்டிமீட்டர் நிற்க வேண்டும். உருகல் தொடங்கும் முன் பனியில் ஒரு மண்வெட்டி அகலத்துக்குத் தடம் வெட்டிவிட்டால் தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு தானே அகலப்படுத்திக்கொள்ளும். வாய்க்கால் போய் முடியும் இடத்தில் அடர்ந்த புல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடையை இங்கிருந்து அங்கே மாற்றிவைத்ததுதான் மிச்சம்.

வாய்க்கால் வெட்டிவிட்டோம் என்று கீழே கலங்கல் அளவைக் குறைக்கக் கூடாது. ஏதோ ஒரு வசந்தத்தில் வாய்க்கால் அடைபடும். அன்று 4 ஹெக்டேர் நீரும் ஓடைக்குள்தான் வரும்.

மேல் வயலில் அறுவடைத் தாளை 25 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்க விடுவது நல்லது. பனி ஒரே சீராகப் படியும், உறைவும் அவ்வளவு ஆழம் இறங்காது. சரிவோடு மேலும் கீழுமாக இலையுதிர் உழவு போட்டால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்காலாகிவிடும். மரவரிசையோ பனிவேலியோ ஓடைத் தலைக்குக் காற்று வரும் பக்கத்தில் இருந்தால் அதன் உயரத்தைப் போல 15 மடங்கு தூரம் வரை பனி குவியும். அந்தக் குவியல் நேராகத் தலை மேல் உட்கார்ந்தால், அந்த வேலியை இடம் மாற்றுவது ஒரு லாரிக் கல்லைவிட அதிகப் பலன் தரும்.

தலையைச் சரித்துக் கல் பாவுதல்

செங்குத்தாக நிற்கும் தலையை ஒன்றுக்கு மூன்று சரிவாக்க வேண்டும். ஆழம் 1.6 மீட்டர் என்பதால் கிடையில் 4.8 மீட்டர் வரும். இதை மேட்டுப் பக்கமாக வெட்டிச் சரிக்க வேண்டும். நிலம் போகிறதே என்று தலைக்கு முன்னால் மண் கொட்டி நிரப்பிச் சரிவு செய்தால், முதல் உருகலிலேயே அந்தக் கொட்டுமண் அமர்ந்து கல்லுக்கு அடியில் பொந்து விழும். அசையாத பழைய மண்ணின் மேல்தான் கல் உட்கார வேண்டும்.

மேல் உதட்டுக்கு ஒரு மீட்டர், கீழே பாதத்துக்கு ஒன்றரை மீட்டர் சேர்த்தால் மொத்த நீளம் ஏழரை மீட்டர். நடுப்பகுதி தாழ்ந்து ஓரங்கள் 40 சென்டிமீட்டர் உயர்ந்த தொட்டி வடிவில், சுற்றளவு 3.2 மீட்டர் என்று வைத்தால் பரப்பு 24 சதுர மீட்டர். முதலில் நெய்யாத வகை ஜியோடெக்ஸ்டைல் துணி, அதாவது நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கைத் துணி. மடிப்புக்கும் புதைப்புக்கும் சேர்த்து 35 சதுர மீட்டர் வாங்க வேண்டும். மேல் முனையை அரை மீட்டர் ஆழக் குழியில் இறக்கி மண் போட்டு இறுக்க வேண்டும். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் மேட்டுப்பக்கத் துண்டு மேலே வர, அரை மீட்டர் ஏறிப் படிய வேண்டும். அதன்மேல் 15 சென்டிமீட்டர் சரளை, சுமார் 3.6 கன மீட்டர். அதன்மேல் 35 சென்டிமீட்டர் கல், சுமார் 8.5 கன மீட்டர்.

சரளையை விட்டுவிட்டுத் துணி மேல் நேரே கல்லைப் போடுபவர்கள் உண்டு. இங்கே அது எடுபடாது. நுண்வண்டல் மண் கீழிருந்து நீரை உறிஞ்சி மேலே இழுக்கும். அது உறையும்போது மண்ணுக்குள் பனித்தகடுகள் வளர்ந்து கல்லை ஒன்று ஒன்றாகத் தூக்கும்; உருகும்போது கல் பழைய இடத்துக்குத் திரும்பாது. சரளையின் இடைவெளிகள் பெரியவை, அதன் வழியே நீர் அப்படி மேலே ஏற முடியாது. கல்லுக்கு மெத்தையாகவும் துணி கிழியாமல் காப்பாகவும் இருக்கும்.

கல் கரடுமுரடான உடைகல்லாக இருக்க வேண்டும், பெரும்பகுதி 15 முதல் 25 சென்டிமீட்டர். ஆற்று உருண்டைக்கல் ஒன்றையொன்று பிடிக்காது. கல்லின் தரத்தை ஒரு எளிய சோதனையில் பார்க்கலாம். ஐந்தாறு துண்டுகளை இரவில் நீரில் ஊறவைத்து, உறையவிட்டு, உருகவிட்டு, இதைப் பத்து முறை செய்ய வேண்டும். களிப்பாறையும் மென்மணற்கல்லும் அதற்குள் பொரிந்துவிடும். கருங்கல் அசையாது.

கல்லைக் கொண்டுவந்து குவிப்பதற்கு நல்ல காலம் நடுக்குளிர்காலம். நிலம் இறுகிக் கிடக்கும்போது லாரி வயலுக்குள் போனால் தடம் விழாது. இளகிய நிலத்தில் வண்டி போனால் அந்தச் சக்கரத்தடமே அடுத்த ஓடைக்குத் தொடக்கம்.

ஓடைக்குள் கல் தடுப்புகள்

ஓடைக்குக் குறுக்கே கல்லைத் தாழ்வாக அடுக்கி, நீரின் வேகத்தைத் தணித்து வண்டலைப் படிய வைப்பதுதான் தடுப்பு. அதன் கலங்கல் உயரம் 60 சென்டிமீட்டர் போதும். ஒரு மீட்டருக்கு மேல் போனால் விழும் நீரின் வேகம் அடியைத் தோண்டிவிடும். உயரமான ஒன்றைவிடத் தாழ்வான இரண்டு எப்போதும் மேல். இடைவெளிக்கு ஒரே விதிதான்: கீழ்த் தடுப்பின் கலங்கல் மட்டமும் மேல்த் தடுப்பின் அடி மட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். 6 சதவீதச் சரிவில் 0.6 மீட்டர் உயரத்துக்கு இடைவெளி 10 மீட்டர். 70 மீட்டர் ஓடைக்கு ஆறு தடுப்புகள். மட்டக்குழாய் வைத்துப் பார்த்து முளை அடிக்க வேண்டும், கண் மட்டத்தை நம்பக் கூடாது. படியும் வண்டலும் ஓரளவு சரிவாக நிற்கும் என்று சொல்லி இடைவெளியைக் கூட்டுவது உண்டு. நுண்வண்டல் மண்ணில் படிவு கிட்டத்தட்டத் தட்டையாகவே நிற்பதால் அந்தச் சலுகையை எடுக்கக் கூடாது.

கட்டுவது கீழிருந்து மேலாக. அடியில் 40 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அஸ்திவாரக் குழி. இரு பக்கச் சுவருக்குள்ளும் குறைந்தது 50 சென்டிமீட்டர் குடைந்து கல்லை உள்ளே செலுத்த வேண்டும். சுவர் உறைந்து உதிரும் மண் என்றால் 80 வரை போகலாம். மேல் முகம் ஒன்றுக்கு ஒன்று, கீழ் முகம் ஒன்றுக்கு இரண்டு, உச்சி அகலம் 50 சென்டிமீட்டர். நடுவே 1.5 மீட்டர் அகலக் கலங்கல், ஓரங்கள் அதைவிட 30 சென்டிமீட்டர் உயரம். கீழே நீர் விழும் இடத்தில் 30 சென்டிமீட்டர் கனத்தில் கல் தளம், நீளம் ஒன்றரை மீட்டர். தளத்தின் மேல்மட்டம் ஓடை அடியோடு சமமாக இருக்கும்படி புதைக்க வேண்டும். மேல் முகத்தில் ஜியோடெக்ஸ்டைல் துணியும் சிறுகல்லும் வைத்தால் வண்டல் கல்லிடுக்கு வழியே நழுவாது. ஒரு தடுப்புக்கு 4 முதல் 5 கன மீட்டர் கல் பிடிக்கும், எடையில் 7 அல்லது 8 டன். ஆறுக்கும் சேர்த்து 27 கன மீட்டர்.

கம்பிவலைப் பெட்டிக்குள் கல் அடைத்து வைக்கலாமா என்றால், இந்த அளவு ஓடைக்குத் தளர்கல்லே நல்லது. உறைபனி தூக்கி இறக்கும்போது தளர்கல் ஒவ்வொன்றாக நகர்ந்து புது இடத்தில் அமரும். இடிந்த மூலையைக் கையாலேயே சீராக்கலாம். பெட்டி ஒரு பக்கம் எழும்பினால் முழுதும் சாயும். சிமென்ட் பூசுவது அதைவிடக் கெடுதல், முதல் குளிரிலேயே வெடிக்கும்.

இனி அந்த 12 சென்டிமீட்டர் விஷயம். ஓடை அடியில் ஊற்று ஈரம் இருந்தால் குளிர்காலம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, கலங்கலின் மேல் அடுக்கடுக்காக உறையும். வசந்தத்தில் வெள்ளம் வரும்போது கலங்கல் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடிச் சுவர் நிற்கும். நீர் அதைச் சுற்றிக்கொண்டு ஓர மண்ணை வெட்டும். கல் தடுப்புகள் உறைநிலத்தில் தோற்பதற்கு நாங்கள் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். நீரின் விசையை அதற்குப் பின்னால்தான் பார்ப்போம். கசிவு இருக்கும் ஓடையில் தடுப்பின் அடியில் குறுக்காக ஒரு சரளைப் பட்டை வைத்து நீரைக் கீழேயே விட்டுவிட வேண்டும். உருகலுக்கு ஒரு வாரம் முன் கடப்பாரையோடு போய்க் கலங்கலில் உறைந்ததை வெட்டி எடுக்க வேண்டும். ஆறு தடுப்புக்கு ஒரு ஆளுக்கு அரை நாள் வேலை.

வில்லோ

கல் தடுப்பு மண்ணைப் பிடிக்கும், பிடித்த மண்ணைக் கட்டுவது வேர். குளிர்நாடுகளில் அதற்கு நீரோரத்தில் வளரும் வில்லோ மரத்தைப் போல இன்னொன்று இல்லை: வெட்டிய கிளையை ஈரமண்ணில் செருகினாலே வேர் விடும்.

இலை விடுவதற்கு முன், மரம் உறக்கத்தில் இருக்கும்போதே கிளைகளை வெட்ட வேண்டும். பருமன் இரண்டரை முதல் 5 சென்டிமீட்டர், நீளம் 90 சென்டிமீட்டர். அடி முனையைச் சாய்வாகவும் மேல் முனையை நேராகவும் வெட்டினால் எது தலை எது கால் என்ற குழப்பம் வராது; தலைகீழாக நட்டது பெரும்பாலும் பிழைக்காது. நடும் நாள் வரை கட்டாகக் கட்டி நிழலில் பனிக்குவியலுக்குள் புதைத்து, மேலே வைக்கோல் போட்டு மூடி வைக்கலாம். நடுவதற்கு முன் இரண்டு நாள் முழுக்க நீரில் ஊற வேண்டும்.

மண் 70 சென்டிமீட்டர் வரை இளகியதும் கடப்பாரையால் துளை போட்டு, குச்சியில் நான்கில் மூன்று பங்கு உள்ளே போகும்படி இறக்கி, பக்கத்து மண்ணைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். துளையில் காற்றுப் பொந்து நின்றால் அந்தக் குச்சி காய்ந்துவிடும். சுத்தியால் அடித்துப் பட்டை பிளந்தால் பிளந்த பகுதியை வெட்டிவிட வேண்டும். 40 சென்டிமீட்டர் குச்சிகளை நட்டுச் சிக்கனம் பார்த்தால், வேர் நன்றாகப் பிடிப்பதற்குள் வரும் குளிரில் உறைபனி அவற்றைத் தூக்கி வெளியே போட்டுவிடும். மறு வசந்தத்தில் வேரோடு தரையில் படுத்துக் கிடப்பதைப் பார்க்கலாம்.

தடுப்புகளுக்குப் பின்னால் படியும் வண்டலிலும் சுவர் அடிவாரத்திலும் 70 சென்டிமீட்டருக்கு ஒன்று வீதம் நடலாம். நீர் ஓடும் நடுக்கோட்டில் மட்டும் வேண்டாம். மூன்றாம் ஆண்டில் அது புதராகி நீரை ஓரத்துக்குத் தள்ளும்.

வைக்கோல் நிரப்பி வயலைத் திரும்ப எடுப்பது

வடகிழக்குச் சீனாவின் கருமண் பகுதியில் ஓடைகளை வைக்கோல் கட்டுகளால் நிரப்பி மேலே மண் போட்டு மீண்டும் உழும் முறை நடைமுறையில் இருக்கிறது. அங்கே கருமண்ணைக் காப்பதற்கென்றே ஒரு சட்டம் 2022 ஆகஸ்ட் 1 முதல் அமலில் உள்ளது. ஓடையை இருபுறமும் வெட்டிப் பெட்டி வடிவாக்கி, அடியில் துளையிட்ட வடிகால் குழாயைச் சரளையோடு பதித்து, இயந்திரத்தால் இறுக்கிய கட்டுகளை இடைவெளி இல்லாமல் அடுக்கி, மேலே அரை மீட்டர் மண் மூடுகிறார்கள். மேற்பரப்பு நீர் குழாய்க்கு இறங்குவதற்காக ஆங்காங்கே கல் நிரப்பிய செங்குத்துக் கிணறுகளும் அவற்றின் கீழ்ப்புறம் குறுக்கு வரப்புகளும் வைக்கிறார்கள். வயலைத் துண்டாடும் சிறு, நடுத்தர ஓடைக்கு இது நல்ல வழி. தளர்ந்த வைக்கோலைக் கொட்டினால் இரண்டே ஆண்டில் அமுங்கிப் பள்ளம் விழும். வடிகால் குழாயின் கீழ்வாய் கல் தளத்தில் திறக்காவிட்டால் அங்கிருந்தே புதிய தலை கிளம்பும்.

வெறும் மண்ணைத் தள்ளி நிரவுவது வேறு கதை. தென்கிழக்கு நார்வேயின் களிமண் நிலங்களில் 1970களில் புல்டோசர் வைத்துப் பள்ளங்களை நிரவிப் பெரிய வயல்களாக்கினார்கள். அடிமண் மேலே வந்து, நீர் போகும் வழிகள் மூடப்பட்டு, அரிப்பு முன்னைவிடக் கூடியது. பிற்பாடு இலையுதிர் உழவைத் தவிர்ப்பதற்கு அரசே மானியம் கொடுக்க வேண்டியிருந்தது.

புல்லுக்குக் கெடு

சுவர்களை ஒன்றுக்கு இரண்டு சரிவாகத் தணித்த பின் உடனே விதைக்க வேண்டும். கடும் உறைபனிக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பாவது புல் முளைத்திருக்க வேண்டும். அந்த நாள் தவறிவிட்டால் அவசரப்பட்டு விதைப்பதில் பயனில்லை. பாதி முளைத்த நாற்றைக் குளிர் கொன்றுவிடும். மண் முளைக்க முடியாத அளவுக்குக் குளிர்ந்தபின் விதையைத் தூவி, வைக்கோல் பரப்பி, வலை விரித்து முளை அடித்து விட்டால் வசந்தத்தில் முளைக்கும். அதுவும் முடியாதென்றால் சுவரைத் தணிக்கும் வேலையையே அடுத்த கோடைக்குத் தள்ள வேண்டும். வெறும் மண்ணாகக் கிடக்கும் சரிவைக் குளிர்காலத்துக்குக் கொடுப்பதைவிடப் பழைய செங்குத்துச் சுவர் தேவலை.

முதல் உருகலுக்குப் பிறகு

எதுவும் கெடாமல் முதல் வசந்தம் போகாது. உருகல் நின்று நிலம் காய்ந்ததும், ஒவ்வொரு தடுப்பிலும் கலங்கல் மட்டத்தையும் ஓர மட்டத்தையும் ரசமட்டம் வைத்து அளக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 20 சென்டிமீட்டருக்குக் குறைந்திருந்தால் ஓரக்கல் அமர்ந்துவிட்டது அல்லது நடுக்கல் எழும்பிவிட்டது. எதுவானாலும் 30க்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஓரத்தில் விரல் நுழையும் இடுக்கு தெரிந்தால் அங்கே சுவரை இன்னும் 30 சென்டிமீட்டர் குடைந்து கல்லை உள்ளே செலுத்த வேண்டும். மேலே மண் பூசி மறைத்தால் அடுத்த ஆண்டு கை நுழையும். தளத்தின் கீழ் முனையில் குழி விழுந்திருந்தால் குழியைப் பெரிய கல்லால் நிரப்பித் தளத்தை அரை மீட்டர் நீட்ட வேண்டும்.

தடுப்புக்குப் பின்னால் வண்டல் கலங்கல் மட்டம் வரை நிரம்பிவிட்டால் அதன் மேலேயே கல்லை உயர்த்தக் கூடாது. படிந்த வண்டல் நீர் ஊறிய நுண்மண், அதன் மேல் வைத்த கல் அந்தக் குளிரிலேயே சாயும். அந்த மேடையில் வில்லோ நட்டு இரண்டு ஆண்டு விட்டால் மண் வேரோடு இறுகும்.

இந்த வேலைக்காகத் தடுப்புக்கு அரை கன மீட்டர் வீதம், ஆறுக்கும் 3 கன மீட்டர் கல்லை முதல் குளிர்காலத்திலேயே சேர்த்து இறக்கி, விளிம்பிலிருந்து 5 மீட்டர் தள்ளிக் குவித்து வைக்க வேண்டும். விளிம்பை ஒட்டிக் குவித்தால் அந்த எடையே சுவரைச் சரிக்கும். இளகிய நிலத்தில் லாரி வர முடியாத நாட்களில் அந்தக் குவியலிலிருந்துதான் கைவண்டியில் எடுக்க வேண்டியிருக்கும்.